மயிரிழையில் வந்த நோய்

சென்ற ஆண்டு ஒருநாள் பிற்பகல், எம் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியை ஒருவர் தமிழ்த்துறைக்கு வந்து நான்கு தாள்களை எம் மேசைமீது வைத்தார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஊர்மக்களிடையே ஆற்றுவதற்காக அவர் எழுதிய உரை அது. பொருள் வாந்திபேதி. “அறிவியலை நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா, சொற்களை மட்டும் திருத்திக் கொடுங்கள்” என்றார். யாப்பையும் அணியையும் நடத்தியே பதினெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்குக் கிருமிகளின் உடலமைப்போடு என்ன உறவு என்று எண்ணியவாறே தாள்களை வாங்கிக்கொண்டோம். அன்றிரவு அவற்றைப் படித்து முடித்தபின் உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அறிவியல் அன்று. எம் வீட்டில் 1992-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சாவு. அதனைப் பின்னர்க் கூறுகின்றோம்.

முதலில் சொல்லைப் பற்றிய வழக்கு. காலராக் கிருமியின் உடல் ஒரு முனையில் நீண்ட இழையொன்றைக் கொண்டது. அதனைப் பாடநூல்கள் ‘கசையிழை’ என்கின்றன. கசை என்றால் சாட்டை. சாட்டை வீசப்படுவது, முன்னும் பின்னும் அடிப்பது. ஆனால் பேராசிரியையின் உரையிலோ அவ்விழை சுழல்கின்றது என்று எழுதியிருந்தது. மறுநாள் அவரிடம் கேட்டோம்: “அம்மா, இது வீசுகின்றதா, சுழல்கின்றதா?” அவர் சிரித்துக்கொண்டே தாளின் ஓரத்தில் ஒரு படம் வரைந்தார். இழையின் அடியில், கிருமியின் மேலுறையிலேயே புதைந்த ஒரு சின்னஞ்சிறு சுழற்பொறி இருக்கின்றதாம். அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும். திருகுபோல் வளைந்த இழையும் உடன் சுற்றும். படகின் பின்னுள்ள விசிறி நீரைத் தள்ளுவதுபோல் உயிரி முன்னே பாயும். அப்படியாயின் ‘சுழலிழை’ என்பதன்றோ பொருத்தமான பெயர் என்று யாம் வாதிட்டோம். இலத்தீனிலும் சாட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவர்கள் செய்த பிழையைத் தமிழில் நாம் திருத்தினால் மாணவர் தேர்வில் என் செய்வர் என்று அவர் மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. ‘கசையிழை’ என்னும் சொல்லை இக்கட்டுரையிலும் மனமின்றியே ஆளுகின்றோம்.

இவ்வுயிரியின் பெயர் மட்டும் அதன் அசைவிலிருந்தே சரியாகப் பிறந்திருக்கின்றது. 1854-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்சு நகரைக் காலரா வருத்தியபோது, பிலிப்போ பாச்சினி என்னும் உடற்கூற்றியல் அறிஞர் இறந்தோர் குடலை நுண்ணோக்கியில் ஆய்ந்தார். அங்கே துடிதுடித்து ஓடும் வளைந்த உயிரிகளைக் கண்டு, துடிப்பைக் குறிக்கும் சொல்லாலேயே ‘விப்ரியோ’ என்று பெயரிட்டார். அவர் எழுதியதை அக்கால மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பதாண்டுகள் கழித்து, 1884-இல், செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து நோயாளிகளின் குடலிலும், மக்கள் குளித்துக் குடித்து வந்த ஒரு குளத்து நீரிலும் அதே உயிரியைக் கண்டார். காற்புள்ளி போல் வளைந்திருந்தமையால் ‘காற்புள்ளிக் கிருமி’ என்றார். புகழும் அவருக்கே போயிற்று. பாச்சினியின் பெயர் அறிவியற் பெயரோடு முறையாகச் சேர்க்கப்பட்டது 1965-இல்தான். அப்போது அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

இதன் உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய உயிரி, குடித்த நீரோடு வாய்வழியே இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது இரைப்பையின் அமிலம். கோடிக்கணக்கில் புகுந்தாலும் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. பிழைத்தவை சிறுகுடலை அடையும்போது வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று சுவரை மூடி நிற்கின்றது. உணவும் நீரும் ஓடிக்கொண்டிருக்கும் அவ்வழியில், நீந்தத் தெரியாத கிருமி வெள்ளத்தில் அகப்பட்ட துரும்பைப்போல் அடித்துச் செல்லப்பட்டு வெளியேறிவிடும். இதற்கோ அவ்வொற்றை இழை இருக்கின்றது. இழையைச் சுழற்றிச் சளியைத் துளைத்துக்கொண்டு குடற்சுவரை நோக்கி நகர்கின்றது. அச்சுழற்பொறிக்கு விசை தருவது சோடியம். நாம் சோற்றில் இடும் உப்பின் ஒரு பாதி. வெளியிலுள்ள சோடியம் மின்னூட்டம் பெற்ற துகள்களாக உள்ளே பாயும் வேகத்திலேயே அப்பொறி சுற்றுகின்றது. இந்தச் சோடியத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம், மீண்டும் வரும்.

இனி எம் வீட்டுச் செய்தி. எம் முன்னோர் இராமநாதபுரக் கடற்கரையினர். வணிகத்தின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்து மண்ணடியில் ஒரு சந்தில் வாழ்ந்தோம். அப்போது எமக்குப் பதினோரு வயது. உம்மாவின் தாயாராகிய உம்மம்மா எங்களோடு இருந்தார். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும்போது தம் பழைய வெள்ளைத் துப்பட்டியின் கிழித்த துண்டொன்றைக் குடத்து வாயில் கட்டி வடிப்பது அவர் வழக்கம். இளமையில், ஊரில் பேதி கண்டு பிழைத்தவர் அவர். அந்நாளில் எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் ஏசும்போது கூட ‘பேதியிலே போவான்’ என்பார்கள். உம்மம்மாவோ அச்சொல்லைக் கேட்டால் சிரிப்பார். “அது எனக்கு வந்து போச்சு. ஒருதரம் வந்த வீட்டுக்கு அது மறுபடி வராது” என்பார்.

1992 நவம்பரில், மழை ஓயாத ஒரு வாரத்தில், சந்தின் கோடியில் ஒரு வீட்டில் வாந்தியும் கழிச்சலும் கண்டது. மற்றோர் அஞ்சி ஒதுங்கியபோது உம்மம்மாதான் போய்த் துணி மாற்றினார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை அவரே படுத்துவிட்டார்.

அவ்விரவைச் சொல்லுமுன் அவருடைய குடலுக்குள் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். சுவரை அடைந்த கிருமிக்கு இப்போது நீச்சல் போதாது, பிடிப்பு வேண்டும். அதற்கென அதன் மேனியில் வேறொரு வகை இழைகள் முளைக்கின்றன. கசையிழையினும் மிக மெல்லியவை, சுழலாதவை. இலத்தீனில் மயிர் என்று பொருள்படும் பெயரே இவற்றுக்கும். பேராசிரியை ‘பிலை’ என்று அப்படியே எழுதியிருந்ததை யாம் ‘நுண்மயிர்’ என்று மாற்றினோம். இம்முறை அவர் மறுக்கவில்லை. காலராக் கிருமியின் இந்த நுண்மயிர்களை அமெரிக்க ஆய்வாளர் இரானல்ட் டெய்லரும் குழுவினரும் 1987-இல் விளக்கினர். நச்சு சுரக்கும் கட்டளையும் இம்மயிர் முளைக்கும் கட்டளையும் ஒன்றாகவே பிறக்கின்றன என்று கண்டு, நச்சோடு இணைந்து இயங்கும் நுண்மயிர் என்றே அதற்குப் பெயரிட்டனர். வியப்பு யாதெனில், இவை குடலைப் பற்றுவதைக் காட்டிலும் ஒன்றையொன்று பற்றுவதில் வல்லவை. ஒரு கிருமியின் மயிர் மற்றொன்றின் மயிரோடு பின்னிக்கொள்ள, நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்து குடற்சுவரில் குடியிருப்பு அமைத்துவிடுகின்றன. கயிறாகத் திரித்த வைக்கோலை எண்ணிக்கொள்ளலாம். இம்மயிர் இல்லாத கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 1988-இல் வெளியாயிற்று. அக்கிருமி குடலில் தங்கவே இல்லை.

குடியேறியபின் நச்சு. நச்சொன்று இருக்கவேண்டும் என்று கோக் 1884-லேயே கருதினார், கண்டுபிடிக்க இயலவில்லை. அதனை எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் காட்டியவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே. கிருமிகளை வளர்த்த நீரிலிருந்து கிருமிகளை முற்றிலும் வடித்து நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் முயலின் குடற்பகுதியொன்றில் செலுத்தினார். குடல் நீர்கோத்துப் புடைத்தது. கிருமி இன்றியே நோய்! 1959-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அக்கட்டுரை சிறியது. எளிய கருவிகளைக் கொண்டு செய்த ஆய்வு. நம் நாட்டு மாணவர் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எம் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தோம். ஒரு கையும் உயரவில்லை. அதற்கு முந்தின வாரம் கேட்டிருந்தால் எம் கையும் உயர்ந்திராது.

அந்நச்சு கிருமிக்குப் பிறவிச் சொத்தன்று என்பது இன்னும் வியப்பு. 1996-இல் மேத்யூ வால்டோரும் ஜான் மெக்கலானோசும் வெளியிட்ட ஆய்வின்படி, நச்சுக்குரிய மரபணுவைச் சுமந்து வருவது கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸ். அந்த வைரஸ் உள்ளே நுழையப் பற்றும் பிடி எது? அதே நுண்மயிர்தான். குடலில் தங்கக் கிருமி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே வைரஸ் அதனுள் ஏறுகின்றது. ஏறியபின் கிருமியைக் கொல்லாமல் நஞ்சைக் கொடையாகக் கொடுத்து அங்கேயே தங்கிவிடுகின்றது.

நச்சு குடற்சுவரின் உயிரணுக்களில் ஒட்டி, உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே திறந்துவிடுகின்றது. கிருமி உயிரணுவுக்குள் நுழைவதே இல்லை. வாயிலில் நின்றபடியே வீட்டைக் காலி செய்கின்றது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் இழக்கப்படும். வெளியேறுவது மலமன்று, அரிசி களைந்த கழுநீர் போன்ற நீர்.

அக்கழுநீரை யாம் கண்டிருக்கின்றோம். வாப்பா வெளிநாட்டில் இருந்தார். உம்மாவின் மடியில் எட்டு மாதத் தம்பி. குழந்தைக்கு ஒட்டிவிடும் என்று உம்மாவை உள்ளறையில் இருக்கச் செய்துவிட்டு, உம்மம்மாவின் பாயருகே எம்மை அமர்த்தினார்கள். பொழுது விடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவு. உறவில் மூத்த பெண்மணி ஒருவர், அன்பினாலேயே, எம்மிடம் ஒரு கட்டளை இட்டுவிட்டுப் போனார்: “தண்ணி மட்டும் குடுத்துடாதே. குடுத்தா அவ்வளவும் வெளியே போயிரும்.” செம்பு எம் முழங்காலருகே இருந்தது. உம்மம்மாவின் கண்கள் குழிந்து, விரல் நுனிகள் நெடுநேரம் நீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன. குரல் காற்றாகிவிட்டது. “ஒரு மொடக்குத் தண்ணி தா வாப்பா” என்றார். யாம் தலையசைத்து மறுத்தோம். எத்தனை முறை கேட்டார் என்பதை எண்ணவில்லை. ஒருமுறை செம்பை நோக்கிக் கை நீட்டினார். யாம் அதனை எட்டாத தொலைவுக்கு நகர்த்தி வைத்தோம். சுபுஹு பாங்கு சொல்லும் வேளையில் மவுத்தாகிவிட்டார்.

பிற்காலத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பற்றிப் பள்ளிப் பாடத்திலேயே படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஆயினும் அப்பாடத்தையும் அச்செம்பையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க மனம் துணியவில்லை. பேராசிரியையின் நான்கு தாள்கள் அதனைச் செய்துவிட்டன.

“ஒருதரம் வந்தால் வராது” என்று அவர் நம்பியது முழுப் பிழையா என்றும் கேட்டோம். பேராசிரியை பொறுமையாகவே விளக்கினார். கிருமியின் மேனியெங்கும் சர்க்கரை மூலக்கூறுகளாலான சரங்கள் போர்த்தியுள்ளன. கசையிழையின் உறைமீதும் அவை உண்டு. நோய் கண்டு தேறியவர் உடல் அச்சரங்களை அடையாளம் வைத்துக்கொள்கின்றது. மீண்டும் அதே கிருமி வந்தால் எதிர்ப்பொருள்கள் சரங்களைப் பற்றி நீச்சலையே முடக்கிவிடும். அப்பாதுகாப்பும் சில ஆண்டுகளே உறுதியாக நிற்கும். நோய் அடிக்கடி வந்துபோகும் ஊரில் வளர்ந்தோர்க்கு அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் 1992 அக்டோபரில், நம் சென்னையிலேயே, அதுவரை காணாத வகையொன்று முதன்முதலாகத் தென்பட்டது. அதற்கு ஓ139 என்று எண்ணிட்டார்கள். உள்ளே பழைய கிருமியே. வெளிப்போர்வை மட்டும் வேறு. சரங்கள் மாறிவிட்டமையால் பழைய நினைவு பயன்படவில்லை. ஆகவே குழந்தைகளைவிடப் பெரியவர்களையே அது மிகுதியாக வீழ்த்திற்று. 1993-இன் தொடக்கத்திற்குள் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டி, உலகப் பெருங்கொள்ளையாகிவிடுமோ என்று அனைவரையும் அஞ்சவைத்துப் பின்னர் அடங்கியது. எம் உம்மம்மாவைக் கொண்டுபோனது அதுதானா? அன்று யாரும் சோதித்து எழுதிவைக்கவில்லை. மாதமும் ஊரும் பொருந்துகின்றன, அவ்வளவே.

போர்வையை அது எங்கிருந்து பெற்றது என்பதற்கும் நுண்மயிரே விடையாகலாம். கழிமுகத்திலும் கடலோரத்திலும் இக்கிருமி நண்டினத்துச் சிற்றுயிர்களின் ஓட்டில் ஒட்டி வாழ்வது. அவ்வோட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளைத் தொட்டவுடன் மற்றொரு வகை நுண்மயிர் அதன் மேனியில் முளைக்கின்றது. அருகில் மடிந்த கிருமிகள் சிந்திய மரபிழைத் துண்டுகளைத் தூண்டிலில் மீன் இழுப்பதுபோல் அம்மயிர் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றது. மனித மயிரைவிடப் பத்தாயிரம் மடங்கு மெல்லிய அத்தூண்டில் நீண்டு, பற்றி, சுருங்குவதை 2018-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கூர் தாலியாவின் குழுவினர் படமாகவே பிடித்துக் காட்டினர். அதற்கு முன்பே, 2007-இல், மெலனி பிளோகெஷும் கேரி ஸ்கூல்னிக்கும் பழைய வகைக் கிருமியைக் கைட்டின்மீது வளரவிட்டு, ஓ139-இன் மரபிழையை அருகில் வைத்தபோது, அது ஓ139-இன் போர்வையைத் தானே உடுத்துக்கொண்டதை ஆய்வகத்தில் கண்டனர்.

உம்மம்மாவின் துப்பட்டித் துணியை நினைத்து ஒருவகை ஆறுதல் கொண்டோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பழைய சேலையை நான்கு மடிப்பாக மடித்து ஆற்றுநீரை வடித்தால், கிருமி ஒட்டியுள்ள சிற்றுயிர்கள் துணியில் தங்கிவிடுமென ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் ஆகியோர் வங்காளதேசச் சிற்றூர்களில் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாம். உம்மம்மா கட்டியது ஒற்றை மடிப்பு; சாக்கடை கலந்த நகரத்து நீருக்கு நான்கு மடிப்பும் போதாது. ஆயினும் வடித்தாரே!

சோடியத்துக்கு வருகின்றோம். நச்சு எத்துணை நீரை வெளியே தள்ளினாலும், குடற்சுவரில் ஒரு வாயிலை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை. சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தால் அவ்வாயில் இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னே நீரும் வரும். இராபர்ட் கிரேன் 1960-இல் இவ்விணைப்பை எடுத்துரைத்தார். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்டு கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே இக்கரைசலைக் கொடுத்து வெற்றி கண்டனர். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையிலுள்ள போன்கான் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் பொட்டலங்களாகக் கட்டி, நீரில் கலக்கி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. கிருமியின் இழையைச் சுழற்றுவதும் சோடியம்; இழந்த நீரை மீட்டுக் கொண்டுவருவதும் சோடியம். இதனைப் படித்த இடத்தில்தான் அன்றிரவு தாளை மூடிவிட்டோம். எம் உம்மம்மா மண்ணடியில் தண்ணீர் கேட்டது, போன்கானுக்கு இருபத்தோராண்டுகள் பின்பு.

முகாமுக்கு எம்மையும் அழைத்தார் பேராசிரியை. பள்ளிக்கூடத் திண்ணையில் ஐம்பது பேர் இருக்கலாம், பெரும்பாலும் பெண்கள். அவர் படம் காட்டி இழையையும் மயிரையும் விளக்கினார். குழந்தைகள் படத்தைப் பார்த்துப் பல்லி என்றார்கள். இறுதியில், பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “தண்ணி குடுத்தா இன்னும் போகாதாம்மா?” என்று கேட்டார். பேராசிரியை வாய் திறக்குமுன் எம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டோம்.

“போகும் பாட்டி. போனாலும் குடுங்க. போகப் போகக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போங்க” என்றோம்.

என்ன அளவு என்று கேட்டார். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு என்றோம். அவருக்குக் காது மந்தம். அருகே சென்று அமர்ந்து, விரல்விட்டு எண்ணி, இன்னொரு முறை சொன்னோம். அவர் எம் கையைப் பிடித்துக்கொண்டு, தம் விரல்களில் அவ்வளவுகளை எண்ணித் திருப்பிச் சொன்னார்.